ஜெனியின் பாரத்துக்கு உப்பு

யூன் 2
சோளகக் காற்று பலம். மருமகன் யூட் கடலுக்குப் போகவில்லை. 'சோளகம்' என்பதை ஒரு தரமும் வெட்டாமல் எழுதிவிட்டேன்! இந்த வயதில். மாலை வகுப்புச் சிஸ்டர் சொன்னது: "ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எழுதுங்கோ ஐயா, கை பழகும்."

மதியம் திரளி மீன் குழம்பு. கைக்குழந்தைப் பேரன் தம்பிக்குச் சளி.

நாளை மறுநாள் அந்தோனியார் கோயிலில் கொடியேற்றம். அன்று தம்பியை அந்தோனியாருக்குக் கொடுக்கிறோம். மகள் செலினின் நேர்த்தி. திருநாளன்று பிள்ளையின் பாரத்துக்கு, எடைக்கு எடை, உப்பு வைத்து, அவரிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். எங்கள் ஆட்களின் வழக்கம். அதுவரை பிள்ளை வீட்டில்தான் இருக்கும், ஆனால் அவருடைய பிள்ளை.

பக்கத்து வீட்டுப் பிலோமினா வேலிக்கு மேலால் என் பேத்தி ஜெனியைச் சீண்டினாள். "என்ன ராசாத்தி, எட்டு வருசம் தனிய இருந்து ஆண்டிட்டாய். இப்ப ஆம்பிளைப் பிள்ளை வந்திட்டுது. இனி உன்னை மீன் லொறியில ஏத்திவிடுவினம்."

ஜெனி அழவில்லை. "தம்பி அந்தோனியாரின்ர பிள்ளை. நான்தான் இந்த வீட்டுப் பிள்ளை."

எல்லோரும் சிரித்தோம்.

யூன் 4
கொடி ஏறியது. காற்றில் ஒரு ஓரம் கிழிந்தது. தம்பியைச் சுரூபத்தின் காலடியில் கிடத்தினார்கள். வீறிட்டான். கோயில் வாசல் பலகையை முழுவதும் சத்தமாக வாசித்தேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல சந்தோஷம்.

வரும் வழியில் ஜெனி: "தாத்தா, என்னை எவ்வளவு உப்புக்கு வாங்கினவை?"

முன்னால் போன செலின் நின்றுவிட்டாள். திரும்பவில்லை. "காத்து அடிக்குது. கெதியா நடவுங்கோ."

யூன் 5
கடல் கறுப்பு. குசினி அடுப்படியில் செலினும் யூட்டும் தாழ்ந்த குரலில்.

ஜெனியைக் கைக்குழந்தையில் அந்தோனியாருக்குக் கொடுத்தது கொண்டச்சிப் பக்கம், சின்னக் கோயிலில். அப்போது அங்கேதான் குடியிருந்தோம். திருநாளுக்கு முன்னம் ஷெல் விழத் தொடங்கியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உப்பு வைக்கவில்லை. பிறகு முகாம். பிறகு இந்தத் தாழ்வுபாட்டுக் கிராமம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

செலின்: "அவளுக்குக் காய்ச்சல் வரேக்கையெல்லாம், அவர் தன்ர பிள்ளையைக் கேக்கிறார் எண்டுதான் எனக்குப் படும்."

யூட்: "விசர்க் கதை கதையாதை."

தண்ணீர் குடிக்கப் போனேன். கதவடியில் ஜெனி. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

யூன் 7
காற்று குறையவில்லை. ஜெனி இரண்டு இரவாக விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கிறாள். சாப்பாடும் அங்கேதான், விருந்தாளி போல. கேட்டுத்தான் தண்ணீர் எடுக்கிறாள். முன்பு தம்பியின் ஏணையை யாரையும் ஆட்ட விடமாட்டாள். இப்போது கிட்டவும் போவதில்லை.

செலின்: "தம்பி அழுறான், ஆட்டன்."

"அவனைத் திருநாளுக்கு வாங்குவியள்தானே? வாங்கிற ஆக்கள் ஆட்டட்டும்."

செலின் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை.

பி.ப. ஜெனி என்னிடம் வந்தாள். "தாத்தா, கொண்டச்சிக் கோயிலுக்கு எப்பிடிப் போறது? எழுதித் தாங்கோ. உங்கட எழுத்து இப்ப வடிவு."

எழுதித் தரச் சொல்லி ஒருவர் என்னிடம் கேட்டது இதுதான் முதல் தரம்! எழுதினேன்: எந்த பஸ், எங்கே இறங்குவது, பள்ளிவாசல் தாண்டிக் கடற்கரைப் பாதை. ஒரு பிழையும் இல்லை. இரண்டு தரம் பார்த்தேன். தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தாள். நல்ல நாள்.

யூன் 8
இப்போதுதான் வீடு வந்தோம். எழுத்து கோணல்.

ஜெனி பள்ளிக்கூடம் போகவேயில்லை. மத்தியானம்தான் தெரிந்தது. செலின் தம்பியைப் பிலோமினாவிடம் விட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினாள். அலை மதில் உயரம். யூட் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கத்தினார். அப்போதுதான் எனக்குத் தாள் நினைவு வந்தது. சொன்னேன். செலின் பார்த்த பார்வையை எழுத எனக்கு எழுத்துப் போதாது.

போன் வந்தது. கொண்டச்சியில் கடை வைத்திருக்கும் பழைய சிநேகிதர், காதர் நானா. "அண்ணன், ஒங்கட பேரப்புள்ள பழைய கோயிலுக்குள்ள தனியக் குந்தி இரிக்கி. கூப்பிட்டாலும் வருதில்ல. கெதியா வாங்க."

யூட் வீட்டுக்கு ஓடினார். கருவாட்டுக்கு வைத்திருந்த உப்பு மூட்டையைத் தூக்கி ஓட்டோவில் போட்டார்.

கோயிலுக்குக் கூரை இல்லை. ஆட்டுப் புழுக்கை. பீடம் வெறுமை. சுரூபம் எங்கே போனதோ. பீடத்தடியில் ஜெனி, பள்ளிச் சட்டையோடு. சப்பாத்து இரண்டும் ஒழுங்காகப் பக்கத்தில்.

யூட் மூட்டையைப் பீடத்தில் வைத்தார். மூச்சு வாங்கியது. "உன்ர பாரத்துக்கு இருக்கு, பிள்ளை. வா வீட்டை."

"ஆரிட்டை வாங்கப் போறியள், அப்பா? அவர் இங்க இல்லையே."

 காற்றுதான் உள்ளே வந்து போனது.

ஜெனி எழும்பி மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. "தம்பிக்கும் இவ்வளவோ?"

"அவனுக்கு ஒரு சின்னப் பை காணும்."

கொஞ்சம் யோசித்தாள். சப்பாத்தைப் போட்டாள். ஓட்டோவில் செலினின் மடியில் படுத்தாள். மூட்டை அங்கேயே.

யூன் 9
காற்று இன்னும் பலம். வடக்கே வானம் இருண்டு கிடக்கிறது. எங்கேயோ வெடிச் சத்தம். கல் உடைக்கிறார்கள் என்கிறார் யூட். செலின் சட்டியை இறக்கிவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தாள்.

ஜெனி பாயை உள்ளே கொண்டுவந்து ஏணைக்குக் கீழே விரித்திருக்கிறாள். காலையிலிருந்து அவள்தான் ஆட்டுகிறாள். பிலோமினாவையும் தொட விடவில்லை.

ஏணைக் கயிற்றில் ஏதோ தொங்கியது. துணிப்பை. உள்ளே உப்பு.

"திருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கடி. இப்ப ஏன்?" என்றேன்.

"அதுக்கு முன்னம் ஓடவேண்டி வந்தா, தாத்தா? பையையும் சேத்துத் தூக்கத்தான்."