பெண் பார்க்க வந்த பார்ட்டி

ஜூலை 9, வியாழன்

காலையிலேயே புழுக்கம். மேடவாக்கத்தில் இரண்டு ஃபிளாட் காட்டினேன். முதல் பார்ட்டிக்குப் பார்க்கிங் போதாது. இரண்டாவது, சைவப் பார்ட்டி, உடனே பிடித்துவிட்டது. தாம்பரம் வட்டாரத்தில் என்னைப்போல் வீடு காட்ட ஆள் கிடையாது.

சாப்பிடும்போது மகள் நித்யா: "ஞாயித்துக்கிழமை என்னைப் பாக்க வர்றவங்களையும் பார்ட்டின்னு சொல்லிடாதீங்கப்பா. பையனை எனக்குப் பிடிச்சிருக்கு. கெடுத்துடாதீங்க."

போட்டோவும் இரண்டு போன் பேச்சும்தான். அதற்குள்!

பார்ட்டி என்றால் விருந்தாம், அரசியல் கட்சியாம். அவ்வளவுதானாம். எம்.காம். படித்தவள் சொல்கிறாள்.

ஜூலை 10, வெள்ளி

விடுவேனா? டீக்கடையில் விசாரணை. வக்கீல் நண்பர்: "வாடகைப் பத்திரத்துல ஓனர் ஒரு பார்ட்டி, குடிவர்றவர் இன்னொரு பார்ட்டி. கேஸ் கொடுக்கறவரை நாங்க கட்சிக்காரர்னு சொல்றோமே, அதுவும் இதுதான் சார்."

ஆக, கொடி பிடிக்காமலே கட்சிக்காரன்!

டீ மாஸ்டர்: "நம்ம ஏரியால வெயிட்டு பார்ட்டி கீது, டுபாக்கூர் பார்ட்டி கீது. நீ இன்னா பார்ட்டின்னுதான் தெரியல சார்."

கடையே சிரித்தது. நானும்தான். ஒரே சொல்லுக்கு எத்தனை வேலை! லண்டன் வீட்டுத் தரகன் என்ன சொல்வானோ? விசாரிக்க வேண்டும்.

ஜூலை 12, ஞாயிறு

மாலை தூறல். பையன், அப்பா, அம்மா மூவரும் வந்தார்கள். கேசரி பிரமாதம். பார்ட்டி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கிளம்பும்போது பையனின் அப்பா, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார்.

தொழில் பழக்கம். அந்த வாக்கியம் காதில் விழுந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"சீக்கிரம் சொல்லுங்க சார். இன்னொரு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க. நாளைக்கே அட்வான்ஸ் தர ரெடி."

மூவரும் அவசரமாகச் செருப்பைத் தேடினார்கள்.

அவர்கள் போனபின் நித்யா: "எந்தப் பார்ட்டிப்பா? இதுவரைக்கும் யாரு வந்தா?" அழுகை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

அட்வான்ஸை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஜூலை 13, திங்கள்

வெயில். வேலைக்குப் போகவில்லை. போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நித்யாவும் லீவு, முகம் கொடுக்கவில்லை.

மதியத்துக்கு முன் போனில் பையனின் அம்மா. "அண்ணா, என் பையன் ராத்திரி தூங்கவே இல்ல. எங்களுக்குப் பரிபூர்ண சம்மதம். அந்த இன்னொரு இடத்துக்கு முடியாதுன்னு சொல்லிடுங்க."

"பெரிய இடம்மா. கொஞ்சம் கஷ்டம்தான். இருந்தாலும் உங்களுக்காக..."

நித்யா தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

ஒரு டீ குடித்துவிட்டு நானே திருப்பிக் கூப்பிட்டேன்.

"சொல்லிட்டேம்மா. அந்தப் பார்ட்டி போன்லயே அழுதுடுச்சு."