உங்கள் படத்தில் நான் அழவில்லை

நாரின்,
பிப்ரவரி மாதம்.

மதிப்புக்குரிய என் கணவர் தாலாய்பெக் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. கறுப்புப் பசு சினையாக இருக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை நம் ஊர் மன்றத்தில் நீங்கள் எடுத்த படத்தைப் போட்டார்கள். ஜெர்மனியில் பேர் வாங்கிய பிள்ளை என்று ஊரே திரண்டு வந்தது. எனக்கு முதல் வரிசை.

மூன்று நாடுகள், மூன்று தனிமைப் பெண்கள். லிஸ்பனில் மீன் விற்கிறவள், எதிர் ஜன்னல்காரனுக்குக் கேட்கட்டும் என்று உரக்கப் பாடுகிறாள். சியோலில் தையற்காரி, அளவெடுக்கும் சாக்கில் ஒருவர் தோளில் கையைச் சற்றுக் கூடுதலாக வைக்கிறாள். அவர்கள் பாஷை எனக்குப் புரியவில்லை, அவர்களைப் புரிந்தது. என் புருஷனுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று பெருமைகூடப் பட்டேன்.

மூன்றாவதாக நம் மலை வந்தது. ஒருத்தி கணவனின் ஆட்டுத்தோல் கோட்டைப் பக்கத்தில் கிடத்தி, அதன் கையை எடுத்துத் தன் இடுப்பில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

அதை உங்களைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. தொலைபேசியில், வெட்கத்தை விட்டுச் சொன்னேன். நீங்கள் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டீர்கள். ஆசையாகக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தீர்கள்!

அது போகட்டும். படத்தில் அந்தக் கணவனைச் சுரங்கத்தில் சாகடித்துவிட்டீர்களே, எதற்கு? செத்தவன் வர முடியாது, அவன் மேல் தப்பில்லை, அதற்குத்தானே? ஆறு வருஷமாக உயிரோடு இருந்துகொண்டு வராதவனை ஏன் காட்டவில்லை?

மன்றமே விம்மியது. பக்கத்து வீட்டு குல்சாரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொம்பளை மனசு உன் வீட்டுக்காரருக்கு எப்படிடி இப்படித் தெரியுது?" என்றாள்.

படம் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து நீங்களே வீடியோ அழைப்பில் திரையில் வந்து பேசினீர்கள். கோட்டு யோசனை எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கூட வாத்தியார் கேட்டதற்கு, "எல்லாம் என் கற்பனைதாங்க" என்றீர்கள். நான் எழுந்து, "அந்தக் கோட்டு எங்க வீட்டு ஆணியில தொங்குது" என்றேன். என் முகத்தைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "சரியா காதுல விழல, அடுத்த கேள்வி" என்றீர்கள்.

அதுவரை ஊருக்குத் தெரியாது. இப்போது சந்தையில் ஒருத்தி, "உன் கோட்டுப் புருஷன் சௌக்கியமா?" என்கிறாள். "சௌக்கியம்தான். உன் புருஷன் மாதிரி குறட்டை விடறதில்ல" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கோட்டை ஆணியிலிருந்து எடுத்து, நிலக்கரி கொண்டுவரும் கிழவருக்குக் கொடுத்தேன். அவருக்குக் கச்சிதமாக இருந்தது.

தலைநகர் பிஷ்கெக்கில் நடக்கும் பட விழாவில் அந்த நடிகை பக்கத்தில் வந்து நிற்கும்படி எழுதியிருந்தீர்கள். வர மாட்டேன். அவள் என் தூக்கத்தை நடித்தாள். நான் நிற்பதையும் அவளே நடிக்கட்டும்.

தொலைபேசியிலும் இனிக் கூப்பிட வேண்டாம். உங்கள் குரல் கேட்டால் நான் பேசிவிடுவேன். என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏப்ரலில் கணவாயில் பனி உருகும். வருவதானால் காமிரா இல்லாமல் வாருங்கள். கதவைத் திறப்பேனா என்று இப்போது சொல்ல மாட்டேன், தட்டிப் பாருங்கள். குளிரில் நெஞ்சுச்சளி பிடிக்காமல் ஆண்டவன் உங்களைக் காக்கட்டும்.

சாகாதவரின் மனைவி,
புருல்.