ஜெசிந்தா கேட்ட பத்து வரி

12.10.1993, செவ்வாய்

லண்டனிலிருந்து மகள் ஜெசிந்தாவின் கடிதம் வந்தது. அவளுடைய ஆய்வு நரம்புக் கலங்களைப் பற்றியது. மூளையில் சில கலங்கள் சாகும்போது கை நடுங்கி எழுத்தும் சிறுத்துவிடுமாம். கலத்தின் மேற்பரப்பில் வாங்கிகள் இருக்கின்றனவாம். உரிய புரதம் வந்து அவற்றில் பொருந்தினால், சாக இருந்த கலமும் பிழைக்கிறதாம். இதுவரை ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில் மட்டுந்தானாம், மனிதரில் இன்னும் இல்லையாம்.

கடைசியில் ஒரு கட்டளை. "அம்மா, உங்கடை எழுத்து ஏன் வரவரச் சின்னனாகுது? தாள் தட்டுப்பாடு எண்டு சொல்லாதேங்கோ. கோடில்லாத தாளிலை 'நான் சுகம்' எண்டு பத்துத் தரம் எழுதி அனுப்புங்கோ."

கன்னியர் மடப் பள்ளியில் படித்த காலத்தில் ஒருநாளும் தண்டனைக்கு எழுதாதவள் நான். இன்று எழுதினேன். முதல் வரி என் எழுத்து. பத்தாவது கடுகளவு.

பக்கத்து வீட்டு றெஜினா எட்டிப் பார்த்தாள்.

"மாமி, உங்கடை எழுத்து மாதிரியே நான் வடிவா எழுதித் தாறன். பிள்ளை நிம்மதியா இருக்கட்டும்."

"கள்ள எழுத்துக்குச் சாமியாரிட்டைப் போய்ப் பாவசங்கீர்த்தனம் ஆர் செய்யிறது?"

"பாதி நீங்கள், பாதி நான்."

எழுதியும் தந்துவிட்டாள். என் எழுத்தேதான்.

உண்மை தெரிந்தால் ஜெசிந்தா ஆய்வை விட்டுவிட்டு, இந்த யுத்தத்துக்குள்ளும் கிளாலிக் கடலில் இரவு வள்ளம் ஏறியாவது வந்துவிடுவாள். அந்தக் கடலில் போனவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை. ஆனாலும் கேட்டவள் என் மகள். அவளுக்கு நான் பொய் எழுதியதில்லை.

என்னுடைய தாளைத்தான் உறையில் வைத்தேன். அதன் அடியில், "நீ இங்கே வரக்கூடாது" என்று எழுதினேன். அதற்குள் எழுத்து இன்னும் சிறுத்துவிட்டது. அந்த வரியை அவளால் வாசிக்க முடியுமோ தெரியாது.