ஷமீ கேட்ட கத்தி

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம். காட்டினால் நாளைக்கு நான் முகாமுக்குப் போக முடியாது.

என் உயிர் ஷமீ,

வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். போன் டார்ச்சைத் தலையணைக்குள் பாதி புதைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

முதலில் செய்தி. நம் கத்தி வாங்கியாகிவிட்டது. துணி சுற்றி என் மடியில் கிடக்கிறது. நீ பார்க்காமலே வாங்கிவிட்டேன் என்பதுதான் தாங்கவில்லை.

விடிந்ததும் போதமலை அடிவாரத்தில் சாரணியர் முகாம். நாம் சேர்ந்து பெயர் கொடுத்தோமே, அதே முகாம். குழுவுக்கு ஒரு கத்தி, துணியில் சுற்றித் தன்னிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எங்கள் குழுவுக்கு நான் கொண்டுபோக வேண்டும். ஆனால் பள்ளிக்கூடப் பையில் கத்தி என்று டிவியில் என்னவோ பார்த்ததிலிருந்து, பென்சில் சீவும் பிளேடைக்கூட அப்பா எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

போன வருடப் பயிற்சியில் எங்கள் அம்மாவின் காய்கறிக் கத்தியால் மூங்கிலைப் பிளக்கப் போய், அது வாழைப்பழம் மாதிரி வளைந்துபோனது நினைவிருக்கிறதா? நீ மண்ணில் உட்கார்ந்து சிரித்தாய். அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு காட்டுக் கத்தி வாங்குவது என்று பேசிக்கொண்டோம். மடக்குக் கத்தி வேண்டாம், மடக்கும் இடத்தில்தான் உடையும் என்பதில் மட்டும் நமக்குச் சண்டை இல்லை. உன் அண்ணன் போனில் நாம் பார்த்த வெளிநாட்டுக் கத்திகளின் விலை நமக்குக் கனவில்கூட எட்டாது. மிஞ்சியது ராசிபுரம் இரும்புக் கடையில் தொங்கிய இரண்டு. உனக்கு ஒன்று பிடித்தது, எனக்கு இன்னொன்று.

உன்னுடையது பளபளவென்று, முதுகில் ரம்பப் பல் வைத்தது. கைப்பிடி மூடியைத் திருகினால் உள்ளே திசைகாட்டி.

"போதமலை ஏற எதுக்குடி திசைகாட்டி? நிமிர்ந்து பார்த்தாத் தெரியுது மலை."

"உன்னோடது மட்டும்? அதை வச்சு வெங்காயம் உரிக்கலாம், போ."

என்னுடையது லாரிக்கு அடியில் இருக்கும் வில்லுப் பட்டையில் அடித்த கறுப்புக் கத்தி. வெட்டும் அலகின் நீளமே உள்ளங்கை அகலம்தான். எண்ணெய் தடவாவிட்டால் துருப்பிடிக்கும், ஆனால் சாதாரணக் கல்லில் தீட்டிக்கொள்ளலாம். அதன் இரும்பு கைப்பிடியின் கடைசி வரை ஒரே துண்டாக ஓடுகிறது, பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும். உன்னுடையதில் அலகு கைப்பிடிக்குள் விரல் நீளம்தான் போகிறது, கட்டையால் தட்டி விறகு பிளந்தால் கழன்றுவிடும் என்று எத்தனை முறை சொன்னேன். நீ கேட்டாயா? நானாவது விட்டேனா? தீபாவளி போனது, அரைப் பரீட்சை போனது. பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஏதோ ஒன்றை அன்றைக்கே வாங்கியிருந்தால் நீ ஒரு தடவையாவது ஒரு குச்சியைச் சீவியிருப்பாய், இல்லையா? கழன்றால் கழன்றிருக்கட்டுமே. சரியான கத்தி, சரியான கத்தி என்று நான் ஏன் அத்தனை நாள் பிடிவாதம் பிடித்தேன்?

நேற்று தனியாகக் கடைக்குப் போனேன்.

"ஏம்பாப்பா, யாரைக் குத்தப் போறே?"

"விறகு சீவறதுக்குங்க."

"வெறகு சீவறதுக்கா? போயி உங்கொப்பனைக் கூட்டிட்டு வா."

அப்பாவை எப்படிக் கூப்பிடுவது? வேறு வழி தெரியாமல் உங்கள் வீட்டுக்குப் போனேன். நீ போன பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை, ஷமீ. உங்கம்மா முகத்தைப் பார்க்கப் பயம். அவர்களோ கதவைத் திறந்ததும், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா சாமி? உள்ள வா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்கூடக் கிளம்பிவிட்டார்கள்.

கடைக்காரர் இரண்டையும் பலகையில் வைத்தார்.

"எம்புள்ள இதுல எதைக் கேட்டா?"

பல் வைத்ததைக் காட்டினேன். அதையே வாங்கிக் கொடுத்தாலும் வாய் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கம்மா மூடியைத் திருகித் திசைகாட்டியைப் பார்த்தார்கள். கடையை நோக்கித் திருப்பினார்கள், தெருவை நோக்கித் திருப்பினார்கள். முள் ஒட்டிக்கொண்டு, திருப்பிய பக்கமெல்லாம் வடக்கு என்றது.

"அவளாட்டமே இருக்குது பாரு. எப்படித் திருப்பினாலும் தான் சொன்னதுதான் சரி."

சிரித்தார்கள், ஷமீ. சத்தமாக. கடைக்காரரும் சிரித்துவிட்டார். அப்படியே அந்தச் சிரிப்பு அழுகையானது. நானும் அழுதேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கெட்டியானதைக் குடுங்க. இவ பத்திரமா ஊடு வந்து சேரோணும்" என்றார்கள்.

வெளியே வந்ததும் கத்தியை என் கையில் தரவில்லை. கடைப் படியில் வைத்து, "நீயே எடுத்துக்க. கையில குடுத்தாச் சண்டை வரும்" என்றார்கள். கையில் தொடாத ஒரு கத்திக்காக நாம் போட்ட சண்டையை நினைத்துக்கொண்டு எடுத்தேன். நான் ஜெயித்துவிட்டேனா, ஷமீ? இப்படி ஜெயிப்பதற்கு நீ சொன்னதையே வாங்கியிருக்கலாம்.

இப்போது பயமாக இருக்கிறது. பையின் அடியில் திணித்துக்கொண்டு விடியற்காலையில் நழுவிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உங்கம்மா நடுக்கடையில் நின்று, எல்லோரும் பார்க்க வாங்கிக் கொடுத்த கத்தி இது. இதைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளிக்க மனம் வரவில்லை. அப்பாவிடம் நானே காட்டுகிறேன். யார் வாங்கிக் கொடுத்தது, யார் கேட்டது, எல்லாம் சொல்கிறேன். அவர் போகக் கூடாது என்றால், அழுவேன், சோறு வேண்டாம் என்பேன், பொய் மட்டும் சொல்ல மாட்டேன். அனுப்பினால் முதல் குச்சியை உனக்காகச் சீவுகிறேன். இது சத்தியம்.

உன்னைவிட மூன்று மாதம் மூத்தவளாக இருந்தும் நீ ஒருநாளும் அக்கா என்று கூப்பிடாத

உன் அக்கா,
நந்தினி

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "சாமி, இன்னும் தூங்கலையா? என்ன வெளிச்சம்?" என்கிறார். துணியைப் பிரித்துவிட்டேன். கத்தி கட்டில் மேலே