கால் மணி முந்தி ஓடிய கடிகாரம்

மேசை இழுப்பறையைத் திறந்ததும் நீலகிரித் தைலத்தின் வாடைதான் முதலில் வந்தது. ஆறு வருடங்களுக்கு முன் நீ சரியாக மூடாமல் வைத்த சீசா எப்போதோ சாய்ந்து, ஒழுகி, கடிகாரத்தின் தோல்வாரில் ஊறியிருக்கிறது. வாரை மூக்கருகே கொண்டுபோனேன். உன் நெற்றியில் தேய்த்துவிட்டு, கையைக் கழுவ நேரமில்லாமல் கல்லூரிக்கு ஓடிய காலைகளின் வாடை. ஒரு மூடியை ஒழுங்காகத் திருகத் தெரியாதவள் என்று உன்னைத் திட்டிக்கொண்டேதான் கடிகாரத்தை வெளியே எடுத்தேன்.

நாளை மறுநாள் நான் கப்பல் ஏறக் கிளம்ப வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் மகள் நிவி ஏற்பாடு செய்திருக்கிறாள். கோயம்புத்தூரிலிருந்து விமானத்தில் அவளிடம் போய், அங்கிருந்து இருவரும் ஐந்து நாள் உல்லாசக் கப்பலில். வழியில் இரண்டு ஊர்களில் கரை இறங்கிச் சுற்றிவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்ள வேண்டுமாம். எடுத்துவர வேண்டியவை என்று அவள் அனுப்பிய பட்டியலில், இருமல் மருந்துக்கும் தொப்பிக்கும் நடுவில் கைக்கடிகாரம் என்று இருந்தது.

அந்த ஒரு வரியில்தான் ஒரு வாரமாக நிற்கிறேன். கடிகாரத்தை எடுத்துப்போவதா, விட்டுப்போவதா? எனக்கு இது சின்னக் கேள்வியில்லை. எடுத்தால் நிவியை மன்னித்தேன் என்றாகும். விட்டால் நான் போகவே மாட்டேன்.

கப்பல் பயணத்தை முதலில் கேட்டவள் நீ. குன்னூரில் என் பல்வலிக்காகப் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, அங்கே கிடந்த பழைய பத்திரிகையை என் மடியில் விரித்தாய்.

"ஏனுங்க, இதப் பாருங்க. இத்தாச்சோட்டுப் பெரிய கப்பலு. உள்ளயே கடைவீதியெல்லாம் இருக்குதாமா."

"எனக்கு வாந்தி வரும்."

"மேட்டுப்பாளையம் எறங்கறதுக்குள்ளயே உங்களுக்கு வாந்தி வருது. அதுக்காவ ஊட்லயேவா இருக்கறோம்? ஒருக்காப் போலாமுங்க. ஆனா ஒண்ணு. போனா இந்த வாட்ச்ச ஊட்லயே வெச்சுட்டுப் போயரோணும். அஞ்சு நாளைக்காச்சும் உங்ககூட மணிச் சண்டை போடாம இருக்கோணும்."

பல் வலித்துக்கொண்டிருந்தது. பத்திரிகையை மூடி மேசையில் போட்டேன். நீ மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மணிச் சண்டையை ஆரம்பித்தவளும் நீதான். குன்னூருக்குக் கீழே நீ வேலை பார்த்த தேயிலை எஸ்டேட் ஆபீஸில், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற களத்தைப் பார்த்த சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. யார் காலத்திலிருந்தோ அது கால் மணி முந்தி ஓடியது. யாரும் அதைத் திருத்தியதில்லை. கல்யாணமான புதிதில் நான் கேட்டேன், முந்தி ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும்போது அதனால் என்ன பயன் என்று. "எல்லார்த்துக்கும் தெரியும்ங்க. ஆனாலும் முள்ளப் பாத்தா காலு தன்னால வெரசா நடக்கும்" என்றாய். அங்கே கிளார்க்காக இருந்து நீ கற்றுக்கொண்ட அந்த வித்தையை என் கையில் கட்டினாய்.

உன் அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட கடிகாரம் இது. தினமும் சாவி கொடுக்க வேண்டும். நான் கொடுக்க மாட்டேன். காலையில் நான் குளிக்கும்போது நீதான் கொடுப்பாய், கொடுக்கும்போதே முள்ளைக் கால் மணி தள்ளியும் வைப்பாய். ஊட்டியில் என் முதல் வகுப்புக்கு எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முதல் மாதம் ஏமாந்து ஓடினேன். இரண்டாம் மாதம் கண்டுபிடித்துக் கால் மணியைக் கழித்தேன். நீ சொல்லாமல் இருபது நிமிடமாக்கினாய். ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டில் குளிரில் நின்ற பிறகு அதையும் கண்டுபிடித்தேன். கடைசியில் கால் மணி என்று உடன்பாடானது. நீ கூட்டி வைப்பதும் நான் கழித்துப் பார்ப்பதும் இருபத்து நான்கு வருடம் நடந்தது. யார் மணி கேட்டாலும் முள்ளைப் பார்த்துக் கால் மணியைக் கழித்துச் சொல்வேன். கழிக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

அந்தக் கழித்தல்தான் என்னைக் கெடுத்தது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் உன் வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு உள்ளே அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். "போயி ரெண்டு இட்லி தின்னுட்டு வாங்க. எட்டு மணிக்குள்ள வந்துருங்க, என்னய அனுப்பிச்சு வெக்கோணுமில்ல" என்றாய். என் போன் உன் தலைமாட்டில் சார்ஜில் கிடந்தது. பின்வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. முதல் டீ கழுநீர் மாதிரி இருந்தது. குன்னூரிலிருந்து வந்தவனுக்கு இதையா கொடுப்பது என்று கடைக்காரரிடம் வழக்கடித்து, புதிதாக ஒன்று போடச் சொன்னேன். கைக்கடிகாரம் ஏழு ஐம்பது காட்டியது. அப்படியானால் ஏழு முப்பத்தைந்து. கடைச் சுவரிலும் ஒரு கடிகாரம் இருந்தது. அதுவும் ஏழு ஐம்பது. உங்கள் எஸ்டேட் மாதிரி இவர்களும் முந்தி ஓட விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் சரியான மணியும் ஓடும் என்பதை நம்பாத ஒருவனாக என்னை ஆக்கி வைத்திருந்தாய்.

மேலே வந்தபோது உன் கட்டில் காலியாக இருந்தது. போர்வை பாதி தரையில் கிடந்தது.

"இப்பத்தான் சார் கூட்டிட்டுப் போனாங்க" என்றாள் நர்ஸ். "சார் வந்துட்டாரா, சார் வந்துட்டாரான்னு கேட்டுட்டே போனாங்க. உங்க பொண்ணு உங்களத் தேடி முன்பக்கம் ஓடுச்சு."

"எட்டு மணின்னுதான சொன்னீங்க? ஏழு அம்பதுதாம்மா ஆகுது!" வராந்தா முழுக்கக் கேட்கக் கத்தினேன். சாட்சிக்குக் கையை நீட்டிக் காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "உங்க வாட்ச்சுலயே எட்டு அஞ்சுதான் சார் காட்டுது."

"இது கால் மணி முந்தி ஓடும்."

அவள் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். எட்டு ஐந்து.

உனக்கு மயக்கம் தெளியவில்லை. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. கண் திறந்திருந்த உன்னை நான் கடைசியாகப் பார்த்தது, இட்லி தின்னப் போகச் சொன்னபோதுதான். அப்போதும் உன்னைச் சரியாகப் பார்க்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு மறதி கிடையாது. துறைத்தலைவர் பதவியை என்னைவிட இளையவருக்குக் கொடுத்ததை மறக்கவில்லை. நம் கல்யாணப் பந்தியில் உன் தம்பி எனக்கு மட்டும் அப்பளம் போடாமல் தாண்டிப் போனதையும் மறக்கவில்லை. "மறக்கறதுக்கு ஒரு மாத்திரை இருந்தா, உங்களுக்கு ரெண்டு வேளைக்குக் குடுக்கலாம்" என்பாய். அந்த வரிசையில் உன்னைத்தான் முதலில் வைத்தேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் நான் குளிக்கப் போனபோது கடிகாரத்தை உன் கட்டிலில் கழற்றி வைத்திருந்தேன். இருபத்து நான்கு வருடம் முந்தி வைத்தவள், அன்றைக்கு மட்டும் சரியாக வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை? ஆறு வருடமாகச் சமைக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் இதைத்தான் உன்னிடம் கேட்டேன். கடிகாரத்துக்கு அதன்பிறகு நான் சாவி கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நிவி கூப்பிட்டாள்.

"அப்பா, வாட்ச் எடுத்து வெச்சீங்களா?"

"வாட்ச் எதுக்கு? போன்லதான் மணி இருக்குதே."

"அதான்பா வேண்டாங்கறது. கரையில எறங்குனா போன் அந்த ஊரு மணிக்குத் தானா மாறிக்கும். ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும். கப்பல் அதோட மணியிலதான் கெளம்பும், யாருக்காவும் நிக்காது. வாட்ச்ல கப்பல் மணி வெச்சுட்டா தொந்தரவில்ல."

"உங்கம்மா கப்பலுக்கு வாட்ச் கூடாதுன்னா. அந்த வாட்ச்ச நான் தொடறதில்லன்னு உனக்குத் தெரியும். உங்கம்மா பண்ணுன வேல அப்பிடி."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்பா, அது அம்மா பண்ணல. நான் பண்ணுனது."

பிறகு அழுதுகொண்டே சொன்னாள். நீதான் அவளைக் கூப்பிட்டு, கடிகாரத்தைச் சரியாக வைக்கச் சொன்னாயாம். "சரியான மணிக்கு வெய்யி கண்ணு. இனி அவரக் கெளப்பிவுட ஆளிருக்காது. தானாப் பாத்துப் பழகிக்கட்டும். அப்பாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லீரு" என்றாயாம்.

"சொல்லலாம்னுதான்பா இருந்தேன். நீங்க ஜன்னல் வெச்ச ரூம் குடுக்கலன்னு கீழ கவுன்டர்ல சண்ட போட்டுட்டு வந்தீங்க. குளிச்சுட்டு வந்தும் மொகம் அப்பிடியே இருந்துது. இப்ப இதச் சொன்னா, அம்மா ஏன் அப்பிடிப் பேசுனான்னு அம்மாவத் திட்டுவீங்கன்னு பயந்துட்டேன். காலைல சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அப்புறம் எப்பிடிப்பா சொல்றது? நீங்க அம்மாவத் திட்டறப்பெல்லாம்..."

போனை வைத்துவிட்டேன்.

உன் வலக்கையில் சலைன் ஊசி குத்தியிருந்தது. அந்த விரல்களை உன்னால் மடக்கக்கூட முடியவில்லை, தண்ணீர் டம்ளரை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். அந்தக் கையால் எப்படிச் சாவி கொடுத்திருப்பாய்? மற்றவர்கள் கட்டுரையில் ஓட்டை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய எனக்கு ஆறு வருடமாக இது தோன்றவில்லை.

நான்கு நாள் நிவியிடம் பேசவில்லை. தினமும் காலையில் 'சாப்பிட்டீங்களாப்பா' என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள். பதில் போடவில்லை. என் மறக்காத வரிசையிலிருந்து உன்னை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் அவளை ஏற்றத்தான் பார்த்தேன். ஒரு வார்த்தை. அதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் உன் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நான் நடந்திருப்பேன். ஆனால் அவள் வாயை மூடியது யார் என்று கேட்டால், எங்கே சுற்றினாலும் ஜன்னலுக்காகச் சண்டை போட்ட ஆளிடமே வந்து நிற்கிறது. இருபத்தோரு வயதுப் பெண் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். இவளையும் தள்ளி வைத்தால் இனி 'சாப்பிட்டீங்களா' என்று கேட்க எனக்கு ஒருவரும் கிடையாது.

அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருக்கிறது. திரும்பி வரமாட்டாய் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. அதை என்னிடம் சொல்ல முடியவில்லை. என் கடிகார முள்ளைத் திருப்பி வைக்கச் செய்து, அதன் வழியாகச் சொல்லிவிட்டு, எட்டு மணிக்குள் வரச் சொல்லி என்னை இட்லி தின்ன அனுப்பினாய். நான் சரியான மணியைக் கையில் கட்டிக்கொண்டு அதை நம்பாமல் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். நீ செய்வதைப் போலக் காதருகே வைத்துக்கொண்டு திருகினேன். ஓடாது என்று நினைத்தேன். இரண்டு முறை தட்டியதும் ஓடியது. பிறகு நிவியைக் கூப்பிட்டேன்.

"வாட்ச் எடுத்து வெச்சுட்டேன் கண்ணு."

"ஓடுதுங்களாப்பா?"

"ஓடுது. உங்க ஊரு மணிக்கு வெச்சுட்டேன். அதுக்கு மேல கால் மணி சேத்தியிருக்கறேன். வந்ததும் சரி பண்ணறேன்னு நீ கை வெச்சராத."

சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. "வெக்க மாட்டேன்பா. சத்தியமா."

கப்பலுக்குக் கடிகாரம் வேண்டாம் என்றாய். நீயும் வருவதாயிருந்தால் அதை இந்த இழுப்பறையிலேயே போட்டுப் பூட்டியிருப்பேன். நீ வரவில்லை. என்னைக் கிளப்பிவிட ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். வாரைத் துடைத்துப் பார்த்தேன், தைலம் போகவில்லை. அப்படியே கட்டிக்கொண்டேன். மணிக்கட்டு லேசாக எரிகிறது.

சரியான மணி பார்த்துப் பழகச் சொன்னாய். அது எனக்கு வராது. நீ சேர்த்து வைத்த கால் மணியை நான் ஒருநாள் விடாமல் கழித்துத் தள்ளிவிட்டேன். இனி முள் என்ன காட்டுகிறதோ அதுதான் என் மணி. ஐந்து மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்றால், நாலே முக்காலுக்கே நிவியின் பக்கத்தில் நிற்பேன். சார் வந்துட்டாரா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.