மடைக்குப் பக்கத்துல குமரன் வச்ச பெட்டி

ஆக. 2, சனி

காலைலயே வெக்கை. ஆடிக் காத்து மண்ணைத்தான் அள்ளிப் போடுது. காயப்போட்ட துணியெல்லாம் திரும்ப அழுக்கு.

வாங்க வேண்டியது: அம்மாவுக்கு சுகர் மாத்திரை. வண்டிக்குப் பெட்ரோல். ஒரு தொப்பி. அப்புறம் எங்க விக்குதுன்னே தெரியாத ஒரு ஜிபிஎஸ் மிஷின்.

கடைசி அயிட்டம் பத்தி எழுதி வச்சிக்கிறேன். இல்லன்னா மண்டை வெடிச்சிரும்.

நேத்து ஒத்தக்கடை காலேஜ்ல, ஆபீஸ்ல நான் மட்டும். ஜியாகரபி சார் லீவு லெட்டர் குடுக்க வந்தவர் போன்ல ஒரு மேப் காட்டினார். ஜியோகேச்சிங்காம். யாரோ ஒரு டப்பாவை எங்கயோ ஒளிச்சு வச்சிட்டு, அந்த இடத்தோட நம்பரை நெட்ல போட்டிருவாங்களாம். முன்னப்பின்ன தெரியாத ஆளுக தேடிப் போயி, உள்ள இருக்க நோட்டுல பேரெழுதிட்டு, இருந்த இடத்துலயே வச்சிட்டு வரணுமாம். "வேலையத்த வேலை சார்"ன்னேன். சிரிச்சார். மதுரையைச் சுத்தி நாலஞ்சு புள்ளிதான். அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒண்ணு இருந்துச்சு, அதைத் தொட்டார்.

இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு. இந்தக் கண்மாய்ச் சகதியில என் அக்கா ஒரு செருப்பைத் தொலைச்சா, ஒத்தச் செருப்போட பஸ்ஸேறினா, நான் வீடு வரைக்கும் சிரிச்சேன், நீங்க வந்தா உபரியா ஒரு ஜோடி கொண்டு வாங்கன்னு.

அந்த அக்கா நாந்தான். எனக்கு அப்பப் பதினஞ்சு, தம்பி குமரனுக்கு ஒம்பது.

பெட்டி வச்ச தேதி போட்டிருக்கு. இந்த ஜனவரி.

அப்ப ஜனவரில மதுரைக்கு வந்திருக்கான். கோச்சடைல இருக்க எங்க வீட்டுக்கு வரல.

ஆக. 3, ஞாயிறு

போன்லயே தேடிப் பார்த்துருவோம்னு வண்டியை எடுத்துட்டுப் போனேன். அம்மாகிட்ட காலேஜ் வேலைன்னு பொய். பதினெட்டாம் பெருக்கு, ரோடெல்லாம் கூட்டம்.

டவுனுக்குள்ள சமத்தா வழி காட்டுன போன், மெயின் ரோட்டை விட்டு இறங்குனதும் பல்லைக் காட்டிருச்சு. டவர் இல்ல. மேப் வெறும் வெள்ளை. வெயில்ல ஸ்கிரீன்ல என் மூஞ்சிதான் தெரியுது, அதைப் பார்க்கவா இம்புட்டு தூரம் வந்தேன். நான் நிக்குற இடத்துல இருந்து நீலப் புள்ளி அது பாட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் தாவுது. கொஞ்ச நேரத்துல சார்ஜும் போச்சு.

கரை நீளத்துக்கும் கருவேலமுள்ளு. செருப்பு போன இடம் எதுன்னு எனக்கே ஞாபகமில்ல. அவனுக்கு இருக்கு பாரு.

திரும்பி வர்றப்போ வண்டி ஓட்டிக்கிட்டே அழுதேன். ஹெல்மெட் இருந்தா அது ஒரு வசதி.

ஆக. 4, திங்கள்

மேகம், மழை இல்ல. ஆபீஸ்ல மூணு பேர் லீவு.

சார் சொன்னார்: "அக்கா, டவர் இல்லாட்டியும் ஜிபிஎஸ் வேலை செய்யும். மேப்பை முன்னாடியே இறக்கி வச்சிருக்கணும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு போனே போதும்." நியாயமான பேச்சுதான். ஆனா என் போன் ஆறு வருசக் கிழம். அதை நம்பி இன்னொரு ஞாயித்துக்கிழமையை விட முடியாது.

ஏன்னா அந்த வெப்சைட் பக்கத்துல கீழ ஒரு அறிவிப்பு இருக்கு, இன்னைக்குத்தான் முழுசாப் படிச்சேன். தேடிப்போன ரெண்டு பேருக்குப் பெட்டி கிடைக்கலயாம். வச்சவர் வந்து பார்க்கணும், இல்ல யாராவது பெட்டி இருக்குன்னு பதியணும். ஆகஸ்ட் 15க்குள்ள ஒண்ணும் நடக்கலன்னா பக்கத்தை மூடிருவாங்க. குமரன் பதில் போடல.

பக்கத்தை மூடிட்டா போச்சு. அவன் நம்பர் மாத்தி நாலு வருசம் ஆச்சு. எந்த ஊர்ல இருக்கான்னு தெரியாது. யாராவது பெட்டியைக் கண்டுபிடிச்சு எழுதினா வச்சவருக்கு மெயில் போகுமாம். எனக்கு அவன்கிட்டப் போக இருக்க ஒரே வழி அதுதான்.

எழுதிர்றேன். என் நோட்டுதான, யாரு பார்க்கப்போறா. நாலு வருசம் முன்ன, கட்டிக்கிட்ட ஜெனியைக் கூட்டிட்டு வாசல்ல வந்து நின்னான். வேற ஆளுக, வேற சாமி. அம்மா வாயைத் திறக்கல. "இந்தப் படி இனிமே ஏறாத"ன்னு சொன்னது நான். சொந்தக்காரங்க என்ன பேசுவாங்களோன்னு பயந்து பேசின பேச்சு. அந்தச் சொந்தக்காரங்க யாரும் அதுக்கப்புறம் எட்டிக்கூடப் பார்க்கல.

ஆக. 6, புதன்

டவுன்ல பழைய கேமரா, பைனாகுலர் விக்கிற கடை. பாய் ரொம்பப் பொறுமை. "எதுக்கு அக்கா, ட்ரெக்கிங்கா?" "ஒரு டப்பா தேடணும் பாய்." "இடம் அளக்கவோன்னு நெனச்சேன். டப்பாவா! மாஷா அல்லாஹ்."

மூணு மிஷின் எடுத்து வச்சார். குறிச்சுக்கிட்டது:

– தொடு ஸ்கிரீன். பார்க்க லட்சணமா இருக்கு. வேர்வைக் கையில வழுக்கும். வேணாம்.
– பட்டன் வச்சது. செங்கல் மாதிரி. ஆனா வெயில்ல எழுத்து பளிச்சுன்னு தெரியுது (கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்). சாதா பென்சில் பேட்டரி ரெண்டு, பொட்டிக்கடைலகூடக் கிடைக்கும்.
– விலை கம்மியான பட்டன்: நடந்தாத்தான் திசை காட்டும். நின்னா அம்பும் சும்மா நிக்கும்.
– விலை கொஞ்சம் கூடின பட்டன்: உள்ள காம்பஸ். நின்ன இடத்துலயே திசை காட்டும். காந்தம், இரும்பு பக்கத்துல ஆகாது.
– சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்புற மாடல்: பெர்மிஷன் இல்லாம நம்ம ஊர்ல வச்சிருக்கக் கூடாதாம். பாய் விக்கிறதில்ல.

முள்ளுக்காட்டுல எங்கிட்டு நடக்க? காம்பஸ் வச்சதுதான்னு முடிவு. பழசு, மூலையில ஒரு கீறல். சனிக்கிழமை வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்.

சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்பினாலும் யாருக்கு அனுப்ப.

ஆக. 9, சனி

வாங்கியாச்சு. பாய் நம்பர் போடுற முறையை மாத்திக் குடுத்தார். டிகிரி, நிமிஷம், நிமிஷத்துல புள்ளிக்கு அப்புறம் மூணு எண். இந்த டப்பா விளையாட்டுல அப்படித்தான் போடுவாங்களாம்.

சாயங்காலம் மொட்டை மாடில பயிற்சி. மிஷினைத் திறந்தவெளில கொஞ்ச நேரம் சும்மா வைக்கணும், அப்பத்தான் சாட்டிலைட்டு ஒவ்வொண்ணாப் பிடிக்கும். உளுந்து டப்பாவைத் தெருக்கோடி வேப்பமரத்தடியில வச்சிட்டு வந்து, திரும்பத் தேடிப் போனேன். நாலு மீட்டர்கிட்டக் கொண்டுபோய் விட்டுச்சு. அதுக்கு மேல நம்ம கண்ணுதான். எதுத்த வீட்டம்மா மாடில நின்னு என்னையே பார்க்குது. பார்க்கட்டும்.

அம்மா: "என்னடி அது, பிரஷர் பார்க்குற மிஷினா?"

"வழி காட்டுற மிஷின்மா."

"நாப்பத்தொண்ணு வயசுல எந்த வழி?"

அம்மாகிட்ட எப்படிச் சொல்ல, அவன் வந்துட்டுப் போனான்னு.

ஆக. 10, ஞாயிறு

வெயில்னா வெயில். கை முழுக்க முள்ளுக்கீறல். எழுதவே எரியுது.

அம்மா கறிச்சோறு கட்டிக் குடுத்துச்சு. வேணாம்னா கேக்கல. ஜோல்னாப் பையை மாட்டிக்கிட்டு, மிஷினைப் பை வார்ல கிளிப் போட்டுக் கிளம்பினேன்.

கரைல ஏறுனதும் அம்பு வந்துருச்சு. எனக்குக் குஷி தாங்கல. 310 மீட்டர். 240. 180. திடீர்னு அம்பு கண்மாய்க்குள்ள இறங்கச் சொல்லுது. இறங்கினா தூரம் கூடுது. ஏறினா குறையுது. அம்பு மட்டும் புடிச்ச புடியா உள்ளயே காட்டுது. ஒரு மணி நேரம் செக்கு மாடு மாதிரிச் சுத்தினேன். ஆடு மேய்க்கிற அண்ணே ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருந்துட்டு, "என்னத்தா, தோடு கீடு விழுந்துருச்சா?"ன்னார். ஆமாண்ணேன்னு சொல்லிட்டேன். பாவம், அவரும் குனிஞ்சு தேட ஆரம்பிச்சுட்டார்.

பாயைத் திட்டினேன். சாட்டிலைட்டைத் திட்டினேன். குமரனையும் திட்டினேன், எருமை, நேரா வீட்டுக்கு வர்றதுக்கென்னன்னு. அப்புறம் அது யாரால வரலன்னு ஞாபகம் வந்துச்சு.

போதும்னு ஒரு பனை நிழல்ல உக்காந்து சாப்பாட்டை எடுத்தேன். பையோட முன்பாக்கெட்ல கனமா என்னமோ. கையை விட்டா பாக்குவெட்டி! அரைக் கிலோ இருக்கும், முழு இரும்பு. மிஷின் சரியா அதுக்கு மேலதான் தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. கறிச்சோறு கொண்டுபோறவளுக்குக் காத்துக்கருப்பு அண்டக்கூடாதுன்னு அம்மா போட்டு விட்டது. பேய்க்கு வச்சது காம்பஸைப் புடிச்சிருச்சு.

சிரிச்சேன். தனியா உக்காந்து சத்தமா. ஆட்டுக்கார அண்ணே எந்திரிச்சுக் கொஞ்சம் தள்ளிப் போனார்.

பாக்குவெட்டியைப் பனையடியில வச்சிட்டு, மிஷினைக் கையில தட்டையாப் புடிச்சு, காம்பஸை மறுபடி சரி பண்ணி நடந்தேன். அம்பு பழைய மடைப் பக்கம் திரும்புச்சு. 40. 15. 6. மடைக்கல்லுக்குப் பின்னாடி மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு, அதான் வந்தவங்க கண்ணுல படல. குச்சியால தோண்டினேன். பாலித்தீன் பைக்குள்ள, கிளிப் போட்டு மூடுற ஒரு டப்பா.

உள்ள: ஒரு பிளாஸ்டிக் யானை, வெளிநாட்டுக் காசு ஒண்ணு, பென்சில், நோட்டு. பிடிச்சதை எடுத்துக்கிட்டு வேற ஒண்ணு வைக்கலாமாம். நான் எதையும் எடுக்கல.

நோட்டுல மொதப் பக்கம். அவன் கையெழுத்து, இன்னும் கோழி கிண்டுன மாதிரிதான். தமிழ்ல இருந்துச்சு.

குமரன், ஜெனி, பாப்பா (8 மாசம்).

பாப்பா.

என் பேரைக் கீழ எழுதினேன். பெட்டியைத் துடைச்சு, மூடி, மடைக்கல்லுக்குப் பின்னாடி பத்திரமா வச்சிட்டு வந்தேன். பாக்குவெட்டியை மறக்கல.

ஆக. 11, திங்கள்

ஆபீஸ்ல ஒரு வேலையும் ஓடல. வெப்சைட்ல எழுதணும். எழுதி அழிச்சது:

"பெட்டி கிடைத்தது. நன்றி." (யாருக்கு நன்றி, தாலுகா ஆபீஸ் லெட்டர் மாதிரி.)

"ஜனவரில வந்துட்டு வீட்டுக்கு வராமப் போயிட்டியேடா." (எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு இதைக் கேக்க.)

"பாப்பா யாரு மாதிரி இருக்கு?"

அழிச்சு அழிச்சு டீ டயம் தாண்டிருச்சு. கடைசியாப் போட்டது: "பெட்டி பத்திரமா இருக்கு. செருப்பைத் தொலைச்சது நாந்தான். படி ஏறாதன்னு சொன்னதும் நாந்தான். அது தப்பு. அக்கா, கோச்சடை."

ஊரே படிக்கும். படிக்கட்டும்.

ஆக. 12, செவ்வாய்

லேசா தூறல், அஞ்சு நிமிஷம். பெட்டி இருக்குன்னு நான் பதிஞ்சதால பக்கத்தை மூட மாட்டாங்கன்னு சார் பார்த்துச் சொன்னார். நல்லது.

போனை முப்பது தடவை பார்த்தேன். ஒண்ணும் இல்ல.

ஆக. 13, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரம். வெப்சைட் வழியா மெசேஜ்.

"அக்கா. பெட்டிக்குள்ள தண்ணி ஏறியிருந்துச்சா?"

அம்புட்டுதான். அதை எத்தனை தடவை படிச்சேனோ. மொத வார்த்தையை மட்டும் தனியா.

பெர்மிஷன் போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அம்மா கூடத்துல அவரைக்கா ஆய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். கண்மாய், பாக்குவெட்டி, நோட்டு, ஜனவரி, பாப்பா.

அம்மா அவனைப் பத்தி ஒண்ணும் கேக்கல. ஜெனியைப் பத்தியும் கேக்கல. நாலஞ்சு அவரைக்காயை ஆய்ஞ்சு போட்டுச்சு. அப்புறம், "பொம்பளப் பிள்ளையா?"

"தெரியலம்மா. பாப்பான்னு எழுதியிருக்கான்."

"பிள்ளைக்கு மை வச்சது யாருன்னு கேளு."

எங்க சனத்துல பிறந்த பிள்ளைக்கு மொத மை அத்தைகாரிதான் வைக்கணும். அத்தைன்னு ஒருத்தி இருக்கையில வேற கை படக்கூடாது.

அம்மா பார்த்துக்கிட்டே இருக்க, அடிச்சேன். ரெண்டு தடவை தப்பா விழுந்துச்சு.

"தண்ணி ஏறலடா. அம்மா கேக்குது, பாப்பாவுக்கு மை யாரு வச்சா?"

எந்த ஊர்ல இருக்கானோ, அங்க இப்ப என்ன நேரமோ. அம்மா அவரைக்காயை விட்டுட்டு என் போனையே பார்க்குது. பத்து நிமிஷம் இருக்கும்.

"இன்னும் யாரும் வைக்கலக்கா."