மடக்குக் கத்தியின் பூட்டு

21.7.1998, ஆடிச் செவ்வாய். நிக்டி.

அம்மனுக்கு உடைத்த தேங்காயைக் கீறும்போது, வீட்டுக்காரரின் மடக்குக் கத்தி சட்டென்று மடங்கி, பிடித்திருந்த வலது கையில் இரண்டு விரல்களை வெட்டிவிட்டது. மஞ்சள் வைத்துத் துணி சுற்றினேன்.

அவர் வேலையிலிருந்து வந்ததும் கத்தி மடங்கியதை மட்டும் சொன்னேன். விரலை அவரே பார்க்கட்டும் என்றிருந்தேன். கத்தியை விளக்கடியில் வைத்துத் திறந்து திறந்து மூடினார்.

"பூட்டு தேஞ்சு போச்சுடி. பல்லு பிடிக்கவே மாட்டேங்குது. இதைப் போட்டா தேங்காய நெம்புவாங்க?"

சாப்பிடும்போது, "என்ன, பீச்சாங்கையால சோறு போடுற?" என்றார்.

கரண்டியை வலது கைக்கு மாற்றினேன். குழம்பு ஊற்றுவதற்குள் துணி சிவந்துவிட்டது. அதையாவது பார்ப்பார் என்று எதிரிலேயே நின்றேன்.

மோர் கேட்டார்.